கலந்தா குழப்பமாயிடுமாம் தோழர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் இருக்கும் ஒரு வாசகர் வாட்ஸ்அப் குரூப்பில் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "கண்டிப்பா படிக்க வேண்டிய தமிழ் நாவல் பத்து சொல்லுங்க." இப்படிக் கேட்டால் போதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பதில்கள். ஒருத்தர் பத்து கேட்டால் முப்பது கொடுக்கிறார். இன்னொருத்தர் அலமாரியைப் போட்டோ எடுத்தே போட்டுவிட்டார். எனக்கும் இந்த விளையாட்டு பிடிக்கும். நான் படித்ததில் பாதி இப்படி யாரோ முகம் தெரியாதவர் சொல்லிக் கிடைத்ததுதான்.

வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கலில் உட்கார்ந்து அந்த நாற்பதையும் படித்துக்கொண்டே வந்தேன். நல்ல நாவல்கள்தான், பலதும் எனக்குப் பிடித்தவை. ஆனால் பூமணியின் 'பிறகு' இல்லை. சிவகாமியின் 'பழையன கழிதலும்' இல்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இல்லை, சோ. தர்மனின் 'கூகை' இல்லை. பெயரளவுக்கு ஒன்றாவது வேண்டாமா? ஒன்றும் இல்லை.

நம் பையன் ஒருத்தன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான், "இவங்க யாரும் லிஸ்ட்ல வரலையே சார்?" அட்மின் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தலித் இலக்கியத்துக்குத் தனியா ஒரு லிஸ்ட் போடலாம் தோழர். கலந்தா குழப்பமாயிடும்." அதற்குக் கீழே பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அந்த அட்மின் கெட்டவர் இல்லை. 2021 தீபாவளிக்கு 'ஜெய் பீம்' வந்தபோது குரூப்பில் இருந்த எல்லோரையும் பார்க்கச் சொல்லி விடாமல் துரத்தியவர் அவர்தான். படம் பார்த்து அழுததாக எழுதினார், உண்மையாகவே அழுதிருப்பார். அந்த நவம்பரில் ஐ.எம்.டி.பி. தளத்தில் 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தையே மதிப்பெண்ணில் தாண்டியது 'ஜெய் பீம்'. அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அவரே போட்டார். அப்படிப்பட்டவருக்குப் பத்து நாவல் பட்டியலில் நம்மைக் கலந்தால் ஏன் குழம்புகிறது?

'ஜெய் பீம்' முக்கியமான படம், 1993இல் நடந்த ஒரு காவல் நிலையக் கொலையையும் அதற்காக நடந்த சட்டப் போராட்டத்தையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோன படம். ஆனால் அதைப் பரிந்துரைப்பது மற்றவர்களுக்கு ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பார்ப்பவர் போய் உட்கார அதில் ஒரு நாற்காலி இருக்கிறது, வக்கீலுடைய நாற்காலி. அடிபடுகிறவர் பக்கம் நின்று வாதாடுகிறவராகத் தன்னை நினைத்துக்கொண்டு படத்தைப் பார்த்து முடித்துவிடலாம். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'சார்பட்டா பரம்பரை'யில் அந்த வசதி இல்லை. கபிலன் யாருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை. குடித்துக் கெடுகிறான், மறுபடி எழுகிறான், ஜெயிக்கிறான். "சமூக அவலத்தைச் சொல்லும் படங்கள்" என்று யாராவது பட்டியல் போடும்போது சார்பட்டாவை நான் பார்த்ததே இல்லை. அதை 'குத்துச்சண்டைப் படங்கள்' கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நாம் அழுதால் தலித் படம், ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் படம்!

தனி லிஸ்ட் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது இரட்டைக் குவளைதான். அந்தச் சொல்லை எடுத்ததற்கெல்லாம் பயன்படுத்த எனக்கு விருப்பமில்லை. டீக்கடை பெஞ்சில் நின்றுகொண்டே டீ குடித்தவரின் அவமானமும் வாட்ஸ்அப்பில் ஒரு புத்தகம் விடுபட்டுப் போனதும் ஒன்றாகாது. ஆனால் "உங்களுக்கும் உண்டு, தனியா" என்கிற அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதா இல்லையா?

இன்னொரு வேடிக்கை. சோ. தர்மனும் இமையமும் தங்களை 'தலித் எழுத்தாளர்' என்று அடைத்துச் சொல்வதை ஏற்காதவர்கள். 'சூல்' நாவலுக்காக 2019க்கான சாகித்திய அகாடமி விருது தர்மனுக்கு, 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020க்கானது இமையத்துக்கு. எழுதியவரே வேண்டாம் என்று கழற்றி வைத்த பெயர்ப்பலகையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, அதையே காரணம் காட்டிப் பொதுப் பட்டியலிலிருந்து தள்ளி வைக்கிறார்கள். பெயரை விரும்பி ஏற்றவர்களுக்கும் அதே கதிதான். பெயர் என்னவாக இருந்தாலும் பட்டியலில் இடம் ஒன்றுதான்.

பட்டியலில் என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஹானர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் எழுத்தையும் நீக்கியது. மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையும் கூடவே போனது. எதிர்ப்புக் கிளம்பியும் பலிக்கவில்லை. பாடத்திட்டம் என்பதும் ஒரு பரிந்துரைப் பட்டியல்தான், பரீட்சை வைத்துக் கேட்கும் பட்டியல். அங்கே எடுக்கப்பட்டால், வருடாவருடம் வரும் மாணவர்களுக்கு அப்படி ஒருத்தர் எழுதினார் என்பதே தெரியாமல் போகும். வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்கும் ஞாபகம் வராமல் போனதற்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாததை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

இது வரைக்கும் எழுதினால் கை தட்டுவீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு உண்மையில் பேச வேண்டியது நம் குரூப்புகளைப் பற்றி.

நான் இருக்கும் நம்முடைய குரூப்புகள் ஆறு. ஏப்ரல் 14, டிசம்பர் 6 வந்தால் போனே சூடாகிவிடும் அளவுக்கு பிடிஎஃப் வந்து இறங்கும். 'சாதியை அழித்தொழித்தல்' மட்டும் என் போனில் ஏழு முறை இருக்கிறது, மூன்று வேறு மொழிபெயர்ப்புகளில். போன டிசம்பரில் எங்கள் மாலை வகுப்புக்கு உதவ வரும் ஒன்பது தோழர்களிடம் கேட்டேன், "இதை முழுசா படிச்சது யாரு?" இரண்டு பேர் கை தூக்கினார்கள். நானும் கையைத் தூக்கினேன். எம்.ஏ. சமூகவியலில் பரீட்சைக்காகப் பாதி படித்தவள், மீதியை வேலைக்கு வந்த பிறகுதான் முடித்தேன் என்பதை அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்தகம் எப்படிப் பரவியது என்று தெரியுமா? லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் 1936இல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பயந்துபோய் மாநாட்டையே நிறுத்தியது. பேசப்படாத அந்த உரையை அவர் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சடித்தார். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. 1937இல் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதும்போதே குஜராத்தியிலும் தமிழிலும் வந்துவிட்டதைக் குறிப்பிடுகிறார். தமிழுக்குக் கொண்டுவந்தது பெரியாரின் 'குடி அரசு'.

அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த ஒரு பரிந்துரை காந்தியுடையது. 1936 ஜூலை 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அம்பேத்கரின் வாதத்தை அவர் ஏற்கவில்லை, மறுத்தார். ஆனால் சீர்திருத்தம் பேசுகிறவர் யாரும் இதைப் புறக்கணிக்க முடியாது என்றார். விலை எட்டணா அதிகம், இரண்டணாவாகவோ நாலணாவாகவோ குறைக்கலாம் என்றும் யோசனை சொன்னார்! அம்பேத்கர் என்ன செய்தார்? காந்தியின் மறுப்பையும் அதற்குத் தன் பதிலையும் அடுத்த பதிப்பிலேயே சேர்த்து அச்சடித்தார். காந்தியைப் பாராட்ட இதை எழுதவில்லை. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் படித்திருந்தார்கள். படித்துவிட்டு, எங்கே ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். நம் குரூப்பில் பிடிஎஃப் வந்தால் "ஜெய்பீம் தோழர்" என்று பதில் வருகிறது. அதோடு முடிந்தது.

அதற்கும் முன்னால், 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ஒரு வார இதழ் தொடங்கினார். விலையையே பெயராக வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருடம் கழித்து 'தமிழன்' ஆனது. கோலார் தங்க வயல் தொழிலாளர்கள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. 1914இல் அவர் மறைந்தார். பின்னால் கோலாரில் அப்பாதுரையார் சில காலம் அந்த இதழை நடத்தினார், பிறகு அதுவும் நின்றது. எஞ்சியிருந்த பிரதிகளைத் திரட்டி ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக 1999இல் வந்தது. அவர் இறந்து 85 ஆண்டுகள். நடுவில் இரண்டு மூன்று தலைமுறைக்கு அவர் பெயரைச் சொல்லிக் கொடுக்க பெரும்பாலான வீடுகளில் ஆளில்லை. பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த யாரோ சிலரால் நமக்கு அவர் கிடைத்தார். தேடினால் எல்லாம் கிடைக்கும் என்ற நினைப்பில் நாம் இருக்கிறோம். தேட வேண்டும் என்று ஒருத்தர் சொன்னால்தானே தேடுவார்கள்?

பிடிஎஃப் பற்றி இன்னொன்று. அம்பேத்கர் எழுத்தைப் பகிருங்கள், தாராளமாக. ஆனால் உயிரோடு இருக்கும் நம் எழுத்தாளர் ஒருவரின் போன வருடப் புத்தகத்தை ஸ்கேன் செய்து டெலிகிராமில் போட்டுவிட்டு, அதையும் சமூகப்பணி என்று சொல்லாதீர்கள். சின்னப் பதிப்பகம், முந்நூறு ரூபாய்ப் புத்தகம். ஒன்று வாங்கிப் பத்து பேர் படிப்போம். கை மாறும் புத்தகத்துக்கு ஒரு நன்மை உண்டு: திருப்பித் தரும்போது "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டே தீருவார்கள்.

இந்த "எப்படி இருந்துச்சு" கேள்விதான் நம்மிடம் செத்துக்கொண்டிருக்கிறது. 'தங்கலான்' வந்தபோது எங்கள் குரூப்பில் ஒரு தம்பி, "பின்பாதி எனக்குப் புரியல, நீளமா இருந்துச்சு" என்று எழுதினான். இருபது நிமிடத்தில் அவனை சங்கி ஆக்கிவிட்டார்கள். அவன் செய்தியை அழித்துவிட்டான், அதன் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் எழுதுவதில்லை. எனக்கும் பின்பாதி முழுக்கப் புரியவில்லை, ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தம்பியிடம் அப்புறம் தனியாகப் பேசினேன், குரூப்பில் பேசியிருக்க வேண்டும். வெளியே நம் படம் என்றால் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள், உண்மைதான். அதற்காக நம் வீட்டுக்குள்ளும் நாம் ஒருவருக்கொருவர் பொய் சொல்ல வேண்டுமா?

சிவகாமியைப் பாருங்கள். 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. ஒரு தலித் தலைவர் தன் வீட்டுப் பெண்களை எப்படி நடத்துகிறார் என்று உள்ளே புகுந்து எழுதிய நாவல். நம்மை நாமே காட்டிக்கொடுப்பதா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அவர் 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்று எழுதினார், தன் நாவலைத் தானே திரும்ப எடுத்துக் கேள்வி கேட்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே புத்தகமாக வந்திருக்கின்றன. விமர்சனத்தை எப்படி எதிர்கொள்வது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். 'கோவேறு கழுதைகள்' 1994. காலனிக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்ணின் கதை. அவளைச் சுரண்டுவது யார் என்று படித்தால் நமக்கே உறுத்தும். அந்த நாவலைச் சுற்றி நம் அறிவாளிகளுக்குள் பெரிய சண்டையே நடந்தது. நம் குரூப்புகளில் இந்தப் புத்தகத்தை யாராவது பரிந்துரைத்து நான் பார்த்ததில்லை. அடுத்தவர் பட்டியலில் நாம் இல்லை என்று கேட்கிற நாம், நம் பட்டியலில் யாரை விட்டோம் என்றும் பார்க்க வேண்டும்.

நல்ல பரிந்துரைக்கு ஒரு உதாரணம் நம் பக்கத்து ஊர்க்காரரே காட்டியிருக்கிறார். பா. இரஞ்சித் ஆவடி பக்கம் கரலப்பாக்கத்துக்காரர், எங்களுக்குக் கூப்பிடு தூரம். 'மெட்ராஸ்' படத்தில் காளி கையில் ஜி. கல்யாண ராவின் 'தீண்டாத வசந்தம்' இருக்கும். 'கபாலி'யின் முதல் காட்சியில் சிறையில் ரஜினி படித்துக்கொண்டிருப்பது ஒய்.பி. சத்யநாராயணாவின் 'மை ஃபாதர் பாலய்யா', ரயில்வேயில் வேலை செய்த ஒரு தெலங்கானா மாதிகக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. படத்தில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பள்ளிப் பாடத்தைத் தவிர எதையும் படித்திராத என் மாமா பையன் 2016இல் தியேட்டரிலிருந்து வந்து, "அது இன்னா புக்கு? தலைவர் படிக்கிறாரே" என்று கேட்டான். அவனும் ரயில்வே கான்ட்ராக்ட் வேலையில்தான் இருந்தான். தமிழில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு முடித்தான். "எங்க கதை மாதிரியே கீது, ஆனா அவங்க படிச்சு மேல வந்துட்டாங்க" என்றான், கொஞ்சம் கோபமாக. அந்தக் கோபத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம்.

இனி நான் தோற்ற கதை. எங்கள் மாலை வகுப்புக்கு வந்து படித்து, இப்போது பி.காம். முதலாம் ஆண்டில் இருக்கும் ஒரு பெண். படிக்கப் புத்தகம் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, பாமாவின் 'கருக்கு' கொடுத்தேன். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். "நல்லாருக்குக்கா. ஆனா இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானேக்கா. எங்க ஆயா சொல்றதுதான். எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா குடுங்க. சிரிக்கிற மாதிரி இருந்தாகூட ஓகே."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. 1992இல் 'கருக்கு' வந்தபோது அப்படி ஒரு புத்தகமே தமிழில் இல்லை. என் இருபது வயதில் அதைப் படித்து அழுதவள் நான். அதனால் அவளும் அழுவாள் என்று முடிவு செய்துவிட்டேன். குரூப் அட்மின் நம்மிடம் வலியை மட்டும் எதிர்பார்க்கிறார் என்று கோபப்பட்ட நான், இந்தப் பெண்ணிடமும் வலியைத்தானே நீட்டினேன்? அவள் என்ன படித்திருக்கிறாள், என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாதியைப் பார்த்துப் புத்தகம் கொடுத்திருக்கிறேன்.

அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பள்ளியில் தேர்ச்சி பெற்றதற்கு அவர் சமூகத்தார் எடுத்த பாராட்டுக் கூட்டத்தில் தாதா கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். படித்த பையன் அப்பாவிடம் போய்க் கேட்டான்: நம்மை இழிவாகச் சொல்லும் மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் ஏன் படிக்கச் சொல்கிறீர்கள், புத்தர் நூல்களை ஏன் அறிமுகப்படுத்தவில்லை? அப்பா கோபப்படவில்லை. தீண்டப்படாதவர்களாக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக்கூடாது, எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன் என்றார். பையனுக்கு அதில் திருப்தி இல்லை. எனக்கு இதில் பிடித்தது, அந்த அப்பாவிடம் ஒரு காரணம் இருந்தது, மகன் கேட்டதும் சொல்ல முடிந்தது. "ஏன்க்கா இதைக் குடுத்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் என்னிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

ஒரு வாரம் யோசித்து ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' கொடுத்தேன். தடியான புத்தகம். தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டு போகிற ஒரு தலித் கிறிஸ்தவப் பையனின் கதை. மதம் மாறிய தலித்துக்கு எஸ்.சி. சான்றிதழ் இல்லை என்று 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை ஒரு மனிதனை என்ன பாடுபடுத்துகிறது என்பது அதில் சிரிப்போடு வருகிறது. அவள் பாதியில் இருக்கிறாள். நடுநடுவே வரிகளைப் போட்டோ எடுத்து அனுப்பிச் சிரிக்கிறாள். சில இடம் போரடிக்கிறதாம், தாண்டிப் போய்விட்டாளாம். எந்த இடம் என்று கேட்டேன், சொன்னாள். எனக்கு அது பிடித்த இடம். இன்னும் சண்டை நடக்கிறது.

எங்கள் குரூப்பில் இப்போது ஒரு வழக்கம் கொண்டுவர முயற்சி செய்கிறேன். லிங்க் மட்டும் போடக்கூடாது, நாலு வரி எழுத வேண்டும்: இதை உனக்கு யார் சொன்னது, எந்த இடத்தில் நின்றாய், எது பிடிக்கவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017லிருந்து யூடியூபில் இலவசமாக இருக்கிறது. திரையிடக் காவல்துறை தடை போட்டதால்தான் அது இணையத்துக்கே வந்தது. லிங்க்கை எல்லோரும் பகிர்ந்திருக்கிறார்கள், கடைசி வரை பார்த்தவர்கள் குறைவு. அதை அடுத்த மாதம் வகுப்பறையில் சேர்ந்து பார்க்கிறோம், பேசிவிட்டுத்தான் கலைவோம். அந்த வாசகர் குரூப்பிலிருந்தும் நான் வெளியேறவில்லை. அடுத்த முறை யாராவது பத்து கேட்டால் என் பத்தைக் கலந்துதான் போடுவேன், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. அட்மினுக்குத் தனியாக 'பிறகு' அனுப்பியிருக்கிறேன், பதிலுக்கு அவருக்குப் பிடித்ததில் நான் படிக்காத ஒன்றைக் கேட்டும் இருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது.

அந்தப் பெண்ணிடமும் கேட்டேன், "நீ எனக்கு ஒண்ணு சொல்லு." யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நருட்டோ பாருங்கக்கா" என்றாள். ஜப்பான் கார்ட்டூன். "அது சின்னப் பசங்க பாக்குறதாச்சே?" என்றேன். "இல்லக்கா. அந்தப் பையன்கூட ஊர்ல யாரும் சேர மாட்டாங்க. ஆனா அவன் ஊருக்கே தலைவனாவேன்னு சொல்லிக்கினே திரிவான். நல்லா காமெடியாவும் இருக்கும்."

220 எபிசோடாம். காலையில் போகும்போது ஒன்று, சாயங்காலம் திரும்பும்போது ஒன்று. ஒன்பது முடித்திருக்கிறேன்.